தொட்டியில் டீசல் இருந்தும் வண்டி நிற்பதேன்?

மாணவர்களே! ரிஷிவந்தியத்தில் சுமையேற்றிய சிறிய சரக்கு வண்டி கல்வராயன் மலையேறுகிறது. அடித்தொட்டியில் சிறிது டீசல் உண்டு; ஆனாலும் ஏற்றத்தில் எஞ்சின் திணறி நின்றுவிடுகிறது. ஏன்?

தொட்டி சாயும்போது டீசல் ஒருபக்கம் ஒதுங்குகிறது. உறிஞ்சுகுழாயின் வாய் டீசலுக்கு வெளியே வந்தால் காற்று புகுந்துவிடும். ஊசியில்லாத சிரிஞ்சின் முனையை அடைத்து, முதலில் நீரையும் பிறகு காற்றையும் அமுக்கிப் பாருங்கள். நீர் சுருங்காது, காற்று சுருங்கும். டீசலைத் தூவ 100 வளிமண்டல அழுத்தத்துக்கும் மேல் தேவை. பம்பு தள்ளும்போது காற்றுக்குமிழி சுருங்குகிறது, அழுத்தம் ஏறுவதில்லை.

எனவே பழைய வகை வண்டிகளில் டீசல் ஊற்றினால் மட்டும் போதாது. வடிகட்டியின் திருகைத் தளர்த்தி, நுரை நிற்கும்வரை கைப்பம்பை அடித்துக் காற்றை வெளியேற்றுவார் மெக்கானிக். தொட்டி நிறைந்திருந்தும் ஏற்றத்தில் திணறுகிறதா? வடிகட்டி அடைத்திருக்கிறதா என்று முதலில் பார்க்க வேண்டும்.