சோதனைக் கருவிக்கும் ஒரு சோதனை

“வெளியில் பார்த்தபோது சர்க்கரை ஓர் அளவு, இங்கே வேறோர் அளவு. எதை நம்புவது, டாக்டர்?” செண்பகத்தோப்பு அடிவாரத்திலிருந்தும் இராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர் ஊர்களிலிருந்தும் வரும் குடும்பத்தினர் எங்களிடம் அடிக்கடி கேட்கும் கேள்வி இது. நியாயமான கேள்விதான். அந்த எண்ணை நம்பியே நாங்கள் இன்சுலினைக் கூட்டுகிறோம், குறைக்கிறோம்.

அந்த எண் பெரும்பாலும் ஸ்பெக்ட்ரோஃபோட்டோமீட்டர் என்னும் நிறமாலை ஒளிமானியிலிருந்து வருகிறது. ஓடை தெளிந்திருந்தால் அடியில் உள்ள கற்கள் தெரியும். மழைக்குப் பின் கலங்கினால் மறையும். கருவியும் இவ்வாறே அறிகிறது. இரத்தத்தின் தெளிநீரோடு வேதிப்பொருளைச் சேர்த்ததும், சர்க்கரையின் அளவுக்கேற்ப இளஞ்சிவப்பு நிறம் தோன்றும். அதனூடே சுமார் 505 நானோமீட்டர் அலைநீளமுள்ள பச்சை ஒளியைச் செலுத்துகிறோம். எவ்வளவு ஒளி உறிஞ்சப்படுகிறதோ, அவ்வளவு சர்க்கரை உள்ளது என்பது கணக்கு.

நாளடைவில் விளக்கு மங்கும், கண்ணாடிக் குப்பியில் கீறல் விழும், தூசு படியும். பால்கோவா நிறுக்கும் தராசுக்கே அரசு முத்திரை வேண்டியிருக்கும்போது, இக்கருவியைச் சரிபாராமல் விடலாமா?

முதலில் அலைநீளத்தைச் சரிபார்க்கிறோம். ஹோல்மியம் ஆக்சைடு கலந்த கண்ணாடி, சுமார் 536 நானோமீட்டர் போன்ற குறிப்பிட்ட இடங்களில் மட்டும் ஒளியை மிகுதியாக உறிஞ்சும். கருவி அந்த இடங்களைச் சரியாகக் காட்ட வேண்டும். அடுத்து, பொட்டாசியம் டைக்ரோமேட் கரைசலைக் கொண்டு உறிஞ்சல் அளவைச் சோதிக்கிறோம்.

மூன்றாவது, வழிதவறிய ஒளி. மாதிரியின் வழியே வராத ஒளி நூறில் ஒரு பங்கு கசிந்தாலும், 2.0 எனக் காட்ட வேண்டிய உறிஞ்சல் 1.7 ஆகிவிடும். ஆனால் 0.5 எனக் காட்ட வேண்டியது 0.49 எனவே காட்டும். அதாவது, நலமாக இருப்பவரிடம் கருவி சரியாகத் தோன்றும். நோய் முற்றியவரிடம் அளவைக் குறைத்துக் காட்டும். அபாயம் இங்குதான் ஒளிந்திருக்கிறது.

ஆகவே அன்றாடப் பணியில் இரண்டைக் கடைப்பிடிக்கிறோம். அளவு முன்பே தெரிந்த கரைசலைக் கொடுத்து, “இதன் அளவு இவ்வளவு” எனக் கருவிக்கு அறிவிப்பது அளவுத்திருத்தம். பிறகு அளவு தெரிந்த வேறொரு மாதிரியை, அறிவிக்காமல், நோயாளியின் மாதிரிபோல் வைப்பது கட்டுப்பாட்டுச் சோதனை. முன்னது பாடம், பின்னது தேர்வு. இயல்பு அளவில் ஒன்றும் உயர்ந்த அளவில் ஒன்றுமாகக் குறைந்தது இரண்டு மாதிரிகளை வைக்கிறோம். தேர்வில் தவறினால், காரணம் கண்டு திருத்தும்வரை அறிக்கை வெளியே வராது. சில நாள் உங்களைச் சற்றுக் காத்திருக்கச் சொல்வதற்கு இதுவும் ஒரு காரணம்.

நம்மை நாமே மதிப்பிட்டால் போதாது. வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரி நடத்தும் வெளித் தரமதிப்பீட்டுத் திட்டம் போன்றவை, உண்மை அளவைச் சொல்லாமல் ஆய்வகங்களுக்கு மாதிரிகளை அனுப்புகின்றன. ஓர் ஆய்வகத்தின் விடை பிறவற்றோடு ஒப்பிடப்படும்போது, உள்ளே தெரியாத பிழை வெளிப்படும்.

எல்லா வேறுபாட்டுக்கும் கருவி காரணமன்று. உணவு உண்ட நேரம் மாறினால் அளவு மாறும். எடுத்த இரத்தத்தைப் பிரிக்காமல் வைத்திருந்தால், அதிலுள்ள செல்களே சர்க்கரையைச் செலவழித்துவிடும். எனவே தொடர்ந்து பார்க்கும் சோதனைகளை இயன்றவரை ஒரே ஆய்வகத்தில் செய்யுங்கள். பழைய அறிக்கைகளைத் தவறாமல் கொண்டு வாருங்கள். “இன்றைய கட்டுப்பாட்டுச் சோதனை சரியாக இருந்ததா?” என்று தயங்காமல் கேளுங்கள், அது உங்கள் உரிமை. இரண்டு அறிக்கைகள் முரண்பட்டால், மருந்தின் அளவை நீங்களே மாற்றாதீர்கள். இரண்டையும் எடுத்துக்கொண்டு அன்றே எங்களிடம் வாருங்கள். தேவையெனில் மீண்டும் சோதித்து முடிவெடுப்போம்.