90 விழுக்காடு என்றால் நிச்சயமா?

போன தவணையில் நான்காம் படிவ மாணவர் ஒருவர் கையில் மாவுக்கட்டோடு வகுப்புக்கு வந்தார். என்ன நடந்தது என்று கேட்டேன்.

"கடைக்குப் போகணும்னா சுத்திப் போகணும் சார். அதனால எதிர்ப்பக்கமாவே சைக்கிள்ல போயிடுவேன். தினமும் அப்படித்தான் போறேன், இதுவரைக்கும் ஒன்னும் ஆனதில்ல" என்றார்.

அன்று ஒரு கார் வந்துவிட்டது. நல்ல வேளை, எலும்பு முறிவோடு தப்பித்தார்.

சாலைப் பாதுகாப்பு பற்றி அவருக்கு அம்மா, அப்பா, தாத்தா, பாட்டி எல்லாரும் ஏற்கெனவே அறிவுரை சொல்லி முடித்திருப்பார்கள். நானும் அதையே சொல்லிப் பயனில்லை. அதனால், "நீ ஃபயர் எம்பளம் விளையாடியிருக்கியா?" என்று கேட்டேன். வகுப்பே சிரித்தது. அன்று அறிவியல் பாடம் கொஞ்சம் திசை மாறிப் போனது. அந்தப் பாடத்தைத்தான் இந்த வாரம் உங்களுக்கும் சொல்லப் போகிறேன்.

சதுரங்கமும் தாயமும் சேர்ந்த விளையாட்டு

ஃபயர் எம்பளம் 1990-ஆம் ஆண்டு ஜப்பானில், நிண்டெண்டோவின் ஃபேமிகாம் கருவிக்காக வெளிவந்தது. அதை உருவாக்கியது இன்டெலிஜண்ட் சிஸ்டம்ஸ் என்ற நிறுவனம். வாள், வில், மந்திரம், பறக்கும் குதிரை, டிராகன் எல்லாம் நிறைந்த கற்பனை உலகம் அது. ஜப்பானுக்கு வெளியே முதன்முதலாக விற்பனைக்கு வந்தது இந்தத் தொடரின் ஏழாவது விளையாட்டு. அது 2003-இல் கேம் பாய் அட்வான்ஸ் என்ற சின்னக் கையடக்கக் கருவிக்காக வந்தது. எனக்கு அப்போது பதினான்கு வயதுக்குப் பக்கம். பெரியம்மா மகன் அண்ணனிடம் கெஞ்சி இரவல் வாங்கி, ஒரு பள்ளி விடுமுறை முழுவதும் அதையே விளையாடினேன்.

விதிகள் எளியவை. போர்க்களம் கட்டம் கட்டமாகப் பிரிக்கப்பட்டிருக்கும். முதலில் உங்கள் வீரர்கள் எல்லாரையும் நீங்கள் நகர்த்தலாம். பிறகு எதிரியின் முறை. விரல் வேகம் இங்கே தேவையில்லை. ஒரு நகர்வுக்குப் பத்து நிமிடம் யோசித்தாலும் எதிரி காத்திருப்பான்.

சதுரங்கம் மாதிரி இருக்கிறதே என்கிறீர்களா? ஒரு பெரிய வேறுபாடு உண்டு. சதுரங்கத்தில் உங்கள் குதிரை ஒரு காயை வெட்டினால் வெட்டியதுதான். இங்கே உங்கள் வீரர் வாளை வீசினாலும் அது எதிரி மேல் படாமல் போகலாம். சதுரங்கப் பலகையில் தாயமும் உருட்டுவதுபோல் வைத்துக்கொள்ளுங்கள்.

தாக்குவதற்கு முன் திரையில் மூன்று எண்கள் தெரியும். அடி எவ்வளவு பலமாக விழும், அது படுவதற்கான வாய்ப்பு எத்தனை விழுக்காடு, அது மூன்று மடங்குப் பேரடியாக மாறும் வாய்ப்பு எத்தனை விழுக்காடு. இவற்றைப் பார்த்து நீங்கள் முடிவெடுக்க வேண்டும். முடிவு தவறி உங்கள் வீரர் ஒருவர் இறந்தால், அவர் இறந்ததுதான். கதை முடியும்வரை அவர் திரும்பி வரமாட்டார்.

அந்த எண் எங்கிருந்து வருகிறது?

கணிதப் பாடத்தில் நீங்கள் 'கெபாராங்காலியான்' என்று படிப்பதைத்தான் தமிழில் நிகழ்தகவு என்கிறோம். இந்த விளையாட்டில் நிகழ்தகவு எப்படிக் கணக்கிடப்படுகிறது என்பதற்கு ஓர் எடுத்துக்காட்டு பார்ப்போம்.

உங்கள் வீரர் கையில் இரும்புக் கோடரி இருக்கிறது. அதன் துல்லியம் 75. வீரரின் திறன் 8, அதிர்ஷ்டம் 6. துல்லியத்தோடு திறனின் இரு மடங்கையும் அதிர்ஷ்டத்தில் பாதியையும் கூட்ட வேண்டும். 75 + 16 + 3 = 94.

எதிரியின் வேகம் 9, அதிர்ஷ்டம் 4. வேகத்தின் இரு மடங்கோடு அதிர்ஷ்டத்தைக் கூட்டினால் 22. இது அவன் விலகித் தப்பும் ஆற்றல். 94-இலிருந்து 22-ஐக் கழித்தால் 72. திரையில் தெரிவது 72 விழுக்காடு.

அந்த எதிரி காட்டுக்குள் நின்றால் தப்பும் ஆற்றலில் இன்னும் 20 கூடும். வாய்ப்பு 52 ஆகக் குறையும். அவன் கையில் வாள் இருந்தால் மேலும் 15 குறையும். ஏனென்றால் இந்த விளையாட்டில் வாள் கோடரியை வெல்லும், கோடரி ஈட்டியை வெல்லும், ஈட்டி வாளை வெல்லும். 72 விழுக்காடாக இருந்தது இப்போது வெறும் 37. எங்கே நிற்கிறோம், எதைக் கையில் வைத்திருக்கிறோம் என்பதே வாய்ப்பைப் பாதியாக்கிவிடுகிறது. அதிர்ஷ்டத்தை நம்மால் மாற்ற முடியாது. ஆனால் நிற்கும் இடத்தை மாற்றலாம். நல்ல ஆட்டக்காரர் செய்வது அதைத்தான்.

திரை சொல்லாத இரகசியம்

இனிதான் சுவையான பகுதி. திரையில் 90 விழுக்காடு என்று தெரிகிறது. அப்படியென்றால் பத்துத் தாக்குதலில் சராசரியாக ஒன்று தவற வேண்டும் அல்லவா? நான் விளையாடியபோது அவ்வளவு தவறவில்லை. "நம்ம ராசி அப்படி" என்று நினைத்துக்கொண்டேன்.

ராசி ஒன்றுமில்லை. விளையாட்டின் நிரலைப் பிரித்து ஆராய்ந்த ரசிகர்கள் பிற்பாடு உண்மையைக் கண்டுபிடித்தார்கள். பழைய ஃபயர் எம்பளம் விளையாட்டுகளில், கணினி 0 முதல் 99 வரை ஒரே ஓர் எண்ணைக் குலுக்கி எடுக்கும். அது 90-க்குக் கீழே இருந்தால் அடி படும். அது நேர்மையான 90 விழுக்காடு. ஆனால் 2002-இல் வந்த ஆறாவது விளையாட்டில் ஒரு மாற்றம் செய்தார்கள். கணினி இரண்டு எண்களைக் குலுக்கி, அவற்றின் சராசரியை எடுத்துக்கொள்ளும். ஏழாவதிலும் அதே முறைதான்.

இதனால் என்ன ஆகும்? இரண்டு பகடைகளை நினைத்துப் பாருங்கள். ஒரு பகடையை உருட்டினால் 1 முதல் 6 வரை எல்லா எண்ணும் சமவாய்ப்போடு விழும். இரண்டை உருட்டிக் கூட்டினால் அப்படியில்லை. மொத்தமுள்ள 36 சேர்க்கைகளில் 7 வருவதற்கு ஆறு வழிகள் உண்டு. 12 வருவதற்கு ஒரே வழிதான். சராசரி எப்போதும் நடுப்பக்கம் சாயும். ஓரங்களுக்கு அரிதாகவே போகும்.

அதேபோல இரண்டு எண்களின் சராசரி 90-ஐத் தொடுவதோ தாண்டுவதோ மிக அரிது. இரண்டு எண்களுமே பெரியவையாக விழ வேண்டும். கணக்குப் போட்டால் கிடைப்பது இது:

திரையில் 90 என்றால் உண்மையில் 98.1 விழுக்காடு.
திரையில் 80 என்றால் உண்மையில் 92.2 விழுக்காடு.
திரையில் 70 என்றால் உண்மையில் 82.3 விழுக்காடு.
திரையில் 50 என்றால் உண்மையில் 50.5 விழுக்காடு.
திரையில் 20 என்றால் உண்மையில் 8.2 விழுக்காடு.
திரையில் 10 என்றால் உண்மையில் 2.1 விழுக்காடு.

பெரிய எண்கள் இன்னும் பெரிதாகின்றன. சிறிய எண்கள் இன்னும் சிறிதாகின்றன. உங்கள் வீரர்களுக்குப் பெரும்பாலும் பெரிய எண்களே அமைவதால், இந்த மாற்றம் உங்களுக்குச் சாதகமாகவே முடியும்.

மனம் போடும் தப்புக் கணக்கு

இதில் வேடிக்கை என்னவென்றால், இப்படி மாற்றிய எண்தான் பலருக்கும் 'சரியாக' இருப்பதாகத் தோன்றுகிறது. நம் மனம் 90-ஐ 100 ஆகவும் 10-ஐச் சுழியமாகவும் மாற்றிப் படிக்கிறது. உண்மையான 90 விழுக்காட்டில் பத்துக்கு ஒன்று தவறும்போது, "இந்த விளையாட்டு ஏமாற்றுகிறது" என்று கோபப்படுகிறோம்.

சிவிலைசேஷன் விளையாட்டைப் படைத்த சிட் மையர் 2010-இல் விளையாட்டு உருவாக்குநர்கள் மாநாட்டில் பேசியபோது இதையே விளக்கினார். மூன்றுக்கு ஒன்று என்ற பலத்தில் மோதித் தோற்றால், ஆட்டக்காரர்கள் அதை ஏற்கவில்லையாம். நான்கு முறைக்கு ஒரு முறை தோற்பதுதான் நியாயமான கணக்கு. ஆனாலும் மனம் ஒப்பவில்லை. கடைசியில் அவர்கள் விளையாட்டைத்தான் மனத்துக்கு ஏற்ப மாற்றினார்கள்.

ரெபெக்காவும் 3 விழுக்காடும்

என் அணியில் ரெபெக்கா என்ற வில்வீராங்கனை இருந்தாள். பல வாரமாக வளர்த்து வைத்திருந்தேன். வில்லாளி கிட்டப் போய்ச் சண்டை போடக் கூடாது. ஆனாலும் சீக்கிரம் முடிக்க வேண்டும் என்ற அவசரத்தில், அவளை அடிக்கடி எதிரியின் பக்கத்திலேயே நிறுத்துவேன். சாதாரண அடியை அவள் தாங்கிவிடுவாள். பேரடி விழுந்தால் மட்டும்தான் ஆபத்து. அதற்கு வாய்ப்பு வெறும் 3 விழுக்காடு. தினமும் அப்படித்தான் விளையாடினேன். ஒன்றும் ஆகவில்லை.

ஒரு நாள் ஆனது.

கருவியை அணைத்துவிட்டு, விட்ட இடத்திலிருந்து மறுபடி தொடங்கினேன். அதே வாள், அதே பேரடி. அதற்கும் ஒரு காரணம் உண்டு. அந்த விளையாட்டில் கணினி உண்மையாகவே பகடை உருட்டுவதில்லை. ஒரு தொடக்க எண்ணை வைத்துக்கொண்டு, குறிப்பிட்ட கணக்கைச் செய்து அடுத்த எண்ணைப் பெறுகிறது. அதிலிருந்து அதற்கடுத்த எண். பார்ப்பதற்குத் தாறுமாறாகத் தெரிந்தாலும் அந்த வரிசை முன்பே முடிவானது. இதைப் போலிச் சமவாய்ப்பு எண்கள் என்பார்கள். வரிசையில் எந்த இடத்தில் இருக்கிறோம் என்பதையும் அந்த விளையாட்டு சேமித்து வைக்கும். அதனால் அதே நகர்வுக்கு அதே விளைவுதான். ரெபெக்காவை மீட்க அந்த அத்தியாயத்தையே முதலிலிருந்து ஆடியிருக்க வேண்டும். நான் ஆடவில்லை. அவள் இல்லாமலேதான் கதையை முடித்தேன்.

நான் எங்கே ஏமாந்தேன் என்பது பல ஆண்டுகள் கழித்துத்தான் புரிந்தது. அடி படுமா என்பதற்குத்தான் இரண்டு எண்களின் சராசரி. பேரடிக்கு அந்தச் சலுகை கிடையாது. அங்கே குலுக்குவது ஒரே எண். திரையில் படும் வாய்ப்பு 3 என்றால் உண்மையில் 0.21 விழுக்காடுதான். பேரடி வாய்ப்பு 3 என்றால் முழுதாக 3 விழுக்காடு. ஒரே திரையில், ஒரே மாதிரி எழுத்தில், பக்கத்துப் பக்கத்தில் இரண்டு எண்கள். ஒன்று என்னைச் செல்லம் கொடுத்துப் பழக்கியது. இன்னொன்று சொன்னபடி செய்தது.

அதைவிடப் பெரிய தவறும் ஒன்று உண்டு. 3 விழுக்காடு என்பது ஓர் அடிக்கு. ரெபெக்கா இருபது அடி வாங்கினால்? ஓர் அடியில் பேரடி விழாமல் தப்ப 0.97 வாய்ப்பு. இருபது அடியிலும் தப்ப வேண்டுமென்றால் 0.97-ஐ இருபது முறை பெருக்க வேண்டும். விடை ஏறத்தாழ 0.54. அதாவது ஒரு முறையாவது பேரடி விழும் வாய்ப்பு 46 விழுக்காடு! கிட்டத்தட்ட நாணயம் சுண்டுவதற்குச் சமம். ஒவ்வொரு முறையும் 'வெறும் 3தானே' என்று பார்த்த நான், எத்தனை முறை என்பதை எண்ணவே இல்லை.

செய்து பாருங்கள்

வீட்டில் உள்ள பாம்பு ஏணிப் பகடை போதும். ஆறு முகமுள்ள பகடையாக இருக்கட்டும்.

முதலில் ஒரு பகடையை 60 முறை உருட்டுங்கள். 5 அல்லது அதற்குக் கீழே வந்தால் 'அடி பட்டது' என்று குறியுங்கள். ஏறத்தாழ 50 முறை படும். அடுத்து இரண்டு பகடைகளை 60 முறை உருட்டுங்கள். அவற்றின் சராசரி 5 அல்லது அதற்குக் கீழே, அதாவது கூட்டுத்தொகை 10 அல்லது அதற்குக் கீழே வந்தால் அடி பட்டது. இம்முறை ஏறத்தாழ 55 முறை படும்.

இப்போது எல்லையை 2 ஆக மாற்றுங்கள். ஒரு பகடையில் ஏறத்தாழ 20 முறை படும். இரண்டு பகடைகளில் கூட்டுத்தொகை 4 அல்லது அதற்குக் கீழே வர வேண்டும். ஏறத்தாழ 10 முறைதான் படும். உங்களுக்குக் கிடைக்கும் எண்கள் இவற்றிலிருந்து கொஞ்சம் விலகியிருக்கலாம். வகுப்பு நண்பர்களின் முடிவுகளையும் சேர்த்துக் கூட்டுங்கள். விலகல் குறைவதைக் காண்பீர்கள்.

சாலைக்குச் சலுகை தெரியாது

அந்த மாணவரிடம் ரெபெக்காவின் கதையைச் சொல்லிவிட்டு, "கடைக்கு எத்தனை தடவை எதிர்ப்பக்கமா போயிருப்ப?" என்று கேட்டேன். கட்டுப் போடாத கையின் விரல்களை மடக்கி எண்ணத் தொடங்கினார். சிறிது நேரத்தில் நிறுத்திவிட்டார்.

"ரொம்ப தடவை சார்" என்றார்.

இத்தனை நாள் ஒன்றும் ஆகவில்லை என்பது, நாளைக்கும் ஒன்றும் ஆகாது என்பதற்குச் சான்று ஆகாது. விளையாட்டை உருவாக்கியவர்கள் நம் மனத்துக்கு இரங்கி, எண்ணைக் கொஞ்சம் மாற்றி வைக்கலாம். 2010-க்குப் பிறகு வந்த ஃபயர் எம்பளம் விளையாட்டுகளில், இறந்த வீரர் அடுத்த போருக்கே திரும்பி வரும் எளிய முறையும் உண்டு. சாலையில் அந்த முறையைத் தேர்ந்தெடுக்கப் பொத்தான் கிடையாது.

மாணவர்களே, அடுத்த முறை 'ஒரு தடவைதானே' என்று மனம் சொன்னால், இது எத்தனையாவது 'ஒரு தடவை' என்று எண்ணிப் பாருங்கள். பிறகு நல்ல ஆட்டக்காரரைப் போல, நிற்கும் இடத்தை மாற்றிக்கொள்ளுங்கள்.

அந்த மாணவரின் கட்டு இப்போது அவிழ்ந்துவிட்டது. சுற்றிப் போனால் கடைக்கு நான்கு நிமிடம் கூடுதலாகிறதாம்.