மின்சாரம் பழகுவோம் – 17: பெட்டரி இல்லாத சுவிச்

லைட் எரியவில்லை என்றால் நம்மவர்கள் முதலில் கழற்றுவது சுவிச்சைத்தான். சுவரில் பதித்த பழைய சுவிச்சுக்கு அது பொருந்தும். வயரும் பெட்டரியும் இல்லாமல் சுவரில் ஒட்டிவைக்கிற புதுவகைச் சுவிச்சில் இந்தப் பழக்கம் வம்பில் முடிகிறது. அதில் பழுது வந்தால் பெரும்பாலும் சுவிச் குற்றவாளி அல்ல. எங்கோ கூரையடியில் ஒளிந்திருக்கும் ரிசீவரைத்தான் விசாரிக்க வேண்டும்.

மறிச்சுக்கட்டியில் ஒரு வீடு. 1990 ஒக்டோபரில் விடுதலைப் புலிகள் வடக்கு முஸ்லிம்களை வெளியேற்றியபோது புத்தளம் பக்கம் போன குடும்பம், 2009இல் போர் முடிந்த பிறகு திரும்பிவந்து கட்டிய வீடு அது. அறைக்கொரு பல்ப் என்ற கணக்கில் வயர் இழுத்திருந்தார்கள். முற்றத்து லைட் பின்னால் வந்த யோசனை. வில்பத்துக் காடு பக்கத்தில் இருக்கிறது. இரவில் நாய் குரைத்தால், ஆனையா வேறேதுமா என்று கதவைத் திறக்காமலே பார்க்க வேண்டும். பூசி முடித்த சுவரை வெட்ட யாருக்கு மனம் வரும்? கட்டாரிலிருந்து வந்த மகன் கொண்டுவந்த வயரில்லாச் சுவிச்சைக் கட்டில் தலைமாட்டில் ஒட்டினார்கள். கொஞ்சக் காலம் நன்றாக ஓடியது. பிறகு இரவில் மட்டும் மக்கர் பண்ணத் தொடங்கியது.

"பெட்டரி முடிஞ்சிட்டு போல தம்பி" என்றார் வீட்டுக்கார மாமி. பக்கத்து வீட்டுப் பொடியன் அதற்கு முன்பே சுவிச்சை நெம்பித் திறந்து, உள்ளே பெட்டரியே இல்லாததைக் கண்டு, "உங்கள ஏமாத்திப்போட்டாங்க மாமி" என்று தீர்ப்பும் சொல்லியிருந்தான்.

ஏமாற்று எதுவும் இல்லை. உள்ளே இருப்பது ஒரு சிறு காந்தம், செம்புக் கம்பிச் சுருள், ஒரு வில்தகடு. அழுத்தும்போது வில்தகடு 'டக்' என்று புரள, காந்தப்புலம் சட்டென்று திசை மாறி, சுருளில் மின்சாரம் பிறக்கிறது. பரடே 1831இல் கண்டறிந்த அதே சங்கதி. நல்ல சுவிச்சில் ஓர் அழுத்துக்கு 200 மைக்ரோஜூல் அளவில் கிடைக்கும். ரிசீவருக்குச் சில மில்லிசெக்கன் வானொலி அலை அனுப்ப அது போதும். அலை வந்ததும் ரிசீவருக்குள் இருக்கும் ரிலே என்ற மின்காந்தச் சுவிச் லைட்டைப் போடும். சீமென்ஸிலிருந்து பிரிந்து 2001இல் மியூனிக் அருகே தொடங்கிய என்ஓஷன் நிறுவனம்தான் இதைக் கட்டடங்களுக்குள் பரப்பியது. பெட்டரி இல்லாத ரிமோட் அதைவிடப் பழையது. 1956இல் அமெரிக்காவின் செனித் நிறுவனத்தில் ரொபர்ட் அட்லர் செய்த டிவி ரிமோட், அலுமினியக் கம்பியைச் சிறு சுத்தியலால் தட்டி, காதுக்கு எட்டாத ஒலியை எழுப்பியது. பெட்டரி தீர்ந்தால் டிவியே பழுது என்று சனம் நினைத்துவிடும் என்பது விற்பனைக்காரர்களின் பயம். இங்கே கதை தலைகீழ்!

ஆகவே முதல் சோதனை காதால். சுவிச்சைப் பாதி அழுத்தாமல் 'டக்' கேட்கும்வரை அழுத்துங்கள். பிறகு ரிசீவர் பக்கம் போய் நில்லுங்கள், வேறொருவர் அழுத்தட்டும். அங்கேயும் ரிலே 'டிக்' என்று சொல்லி, லைட் மட்டும் எரியவில்லை என்றால் பல்ப்பையோ ரிலேயின் முனைகளையோ பாருங்கள். மலிவான எல்ஈடி பல்ப்புகள் போட்ட கணத்தில் மின்சாரத்தை வாரி இழுக்கும். அதில் முனைகள் கருகும், சிலவேளை ஒட்டியே போய் லைட் அணையாது. 'டிக்'கும் இல்லை, ரிசீவரின் சிறு விளக்கும் சிமிட்டவில்லை என்றால் முதலில் அதற்குக் கரண்ட் வருகிறதா பாருங்கள். ரிசீவருக்கு லைவ்வோடு நியூட்ரலும் வேண்டும். பழைய சுவிச் பெட்டிகளில் பெரும்பாலும் நியூட்ரல் வராது. கரண்ட் இருந்தால் அலைதான் வந்துசேரவில்லை. தகரப் பெட்டிக்குள் ரிசீவரை வைத்தால் அலை நுழையாது. 433 மெகாஹெர்ட்ஸ் ரிசீவரில் வால்போலத் தொங்கும் 17 சென்டிமீட்டர் வயர்தான் அதன் ஏரியல். அழகுக்காக அதைச் சுருட்டி ஆணிக்கடியில் செருகும் வயர்மேன்களுக்கு என்ன சொல்வது!

மாமி வீட்டில் அலை ஒழுங்காக வந்தது. சிறு விளக்கு சிமிட்டியது. ரிலே மட்டும் அசையவில்லை. துப்பு அவர் பேச்சிலேயே இருந்தது: "மஃரிபுக்கு முந்திப் போட்டா விடியுமட்டும் எரியுது. இடையில நூத்திட்டுப் போட்டா எரியாது." ரிலேயை இழுக்கத்தான் பலம் வேண்டும், இழுத்ததைப் பிடித்துவைக்கக் கொஞ்சம் போதும். ஊரெல்லாம் லைட்டும் ஃபேனும் போடும் நேரத்தில் அந்த வீட்டில் மீட்டர் 190க்குக் கீழே காட்டியது. வோல்டேஜ் குறைவு பாதிக் காரணம். மீதி, ரிசீவருக்குள் இருந்த கெப்பாசிட்டர். இந்த மலிவு ரிசீவர்களில் 230 வோல்ட்டை மட்டுப்படுத்தி ரிலேக்குக் கொடுப்பது அதுதான். மின்வெட்டுப் போய்க் கரண்ட் வரும்போது பாயும் ஒவ்வொரு உதையிலும், ஈரக் காற்றிலும், அதன் உள்தகடு கொஞ்சம் கொஞ்சமாகக் கரையும். 0.68 மைக்ரோபரட் என்று அச்சிட்டிருந்தது, அளந்தபோது 0.3கூட இல்லை. அதே அளவில், எக்ஸ்2 என்று குறித்த புதுக் கெப்பாசிட்டர் போட்டதும் இரவிலும் 'டிக்' கேட்டது.

இதை நீங்களே செய்ய வேண்டாம். இந்தப் பலகையில் ட்ரான்ஸ்போர்மர் இல்லாததால் ஒவ்வொரு புள்ளியிலும் மெயின் கரண்ட் இருக்கலாம். சுவிச்சில் அணைத்துவிட்டோம் என்று பல்ப்பில் கை வைப்பதும் ஆபத்து. மெயினை நிறுத்தாமல் தொடாதீர்கள்.

புது ரிசீவர் வாங்குவதென்றால், மின்வெட்டுக்குப் பிறகு அது என்ன செய்யும் என்று கடையிலேயே பல்ப் மாட்டிச் சோதியுங்கள். சிலது தானாக எரியும், சிலது அணைந்தே கிடக்கும், சிலது பழைய நிலையை ஞாபகம் வைத்திருக்கும். கரண்ட் போய்வந்தது தெரியாமல் தூங்குகிற வீட்டுக்கு, முற்றத்து லைட்டில் மூன்றாவது வகை நல்லது.

(தொடரும்)