ஒரு வாளித் தண்ணீர் போதும்... கொல்லைப்புறமே அறிவியல் ஆய்வகம்!

“தண்ணில ஆடாதே, சளி பிடிக்கும்!” கோடை விடுமுறையில் பல வீடுகளில் கேட்கும் வசனம் இது. உண்மையில் சளியைக் கொண்டுவருவது வைரஸ், தண்ணீர் அல்ல. விளையாடி முடித்ததும் தலையைத் துவட்டி உடை மாற்றிவிட்டால் போதும்.

கொல்லைப்புறத்திலோ மொட்டை மாடியிலோ ஒரு வாளித் தண்ணீரும் நாலு பாத்திரமும் கிடைத்தால், மிதத்தல், அழுத்தம், ஆவியாதல் எனப் பிற்பாடு பாடப்புத்தகத்தில் வரப்போகும் விஷயங்களைக் குழந்தைகள் இப்போதே கையால் தொட்டுப் பார்க்கலாம். பெற்றோர் பாடம் நடத்த வேண்டியதில்லை. எதையும் செய்வதற்கு முன், “என்ன ஆகும்னு நினைக்கிறே?” என்று கேட்டால் போதும். ஊகிப்பது, செய்து பார்ப்பது, ஊகம் ஏன் பொய்த்தது என்று யோசிப்பது... விஞ்ஞானிகளின் வேலையும் இதுதானே?

மூழ்குமா, மிதக்குமா?

எவர்சில்வர் ஸ்பூனைத் தண்ணீரில் போட்டால் மூழ்கும். அதைவிடக் கனமான எவர்சில்வர் கிண்ணத்தை மெதுவாக வைத்தால் மிதக்கும். “கனமானதுதானே மூழ்கணும்?” என்று குழந்தை குழம்பும். குழம்பட்டும். குழிவான கிண்ணம் நிறையத் தண்ணீரை விலக்குகிறது. விலகிய நீரின் எடைக்குச் சமமான விசை அதை மேல்நோக்கித் தள்ளுகிறது. சுமார் 2,200 ஆண்டுகளுக்கு முன் ஆர்க்கிமிடீஸ் கண்ட இந்த விதியால்தான் இரும்புக் கப்பலும் மிதக்கிறது.

அடுத்து, ஓர் ஆரஞ்சுப் பழம். தோலோடு போட்டால் மிதக்கும். உரித்துப் போட்டால் பெரும்பாலும் மூழ்கிவிடும். தோலுக்குள் இருக்கும் காற்றுதான் அதற்கு லைஃப் ஜாக்கெட்.

பாட்டிலில் மூன்று துளை

பழைய இரண்டு லிட்டர் பாட்டிலில் மேலே, நடுவில், கீழே என மூன்று துளைகளைப் பெரியவர்களே போட்டுக் கொடுங்கள். தண்ணீர் நிரப்பினால் மேல் துளையில் சோர்வாக ஒழுகும். கீழ்த் துளையில் சீறிப் பாயும். ஆழம் கூடக் கூட நீரின் அழுத்தமும் கூடுவதே காரணம். மாடித் தொட்டித் தண்ணீர் மேல் மாடிக் குழாயைவிடத் தரைத்தளக் குழாயில் வேகமாக வருவதும் இதனால்தான்.

தண்ணி எங்கே போச்சு?

வெயிலில் ஒரு சொம்பு, நிழலில் ஒரு சொம்பு தண்ணீரைத் தரையில் ஊற்றி, இரண்டையும் சுற்றி சாக்பீஸால் கோடு போடச் சொல்லுங்கள். பத்து நிமிடத்துக்கு ஒருமுறை புதுக் கோடு. எது வேகமாகச் சுருங்குகிறது என்பது தெரிந்துவிடும். “தண்ணி தரைக்குள்ள போயிடுச்சு” என்று குழந்தை சொன்னால் மறுக்காதீர்கள். “அப்போ ஒரு தட்டுல ஊத்தி வெச்சுப் பார்ப்போமா?” என்று கேளுங்கள். தட்டும் காய்ந்த பிறகு, ஆவியாதல் என்ற சொல்லை அறிமுகப்படுத்தலாம்.

திருத்த அவசரம் வேண்டாம்

அகலமான கிண்ணத்துத் தண்ணீரை ஒடுக்கமான உயர டம்ளருக்கு மாற்றினால், நாலைந்து வயதுக் குழந்தைகள் பலரும் “இதுலதான் நிறைய இருக்கு” என்பார்கள். சுவிட்சர்லாந்து உளவியலாளர் ஜீன் பியாஜே ஆராய்ந்த புகழ்பெற்ற சோதனை இது. உருவம் மாறினாலும் அளவு மாறாது என்ற புரிதல் பொதுவாக ஏழு வயதையொட்டியே வருகிறது. இது மக்குத்தனம் இல்லை, வளர்ச்சியின் ஒரு படி. திரும்பத் திரும்ப ஊற்றிப் பார்க்க விடுங்கள்.

இதில் மட்டும் அலட்சியம் கூடாது

சில அங்குலத் தண்ணீரில்கூடச் சின்னக் குழந்தை மூழ்கிவிடலாம், அதுவும் சத்தமே இல்லாமல். தலைகுப்புற வாளிக்குள் விழுந்தால் தானாக எழ முடியாது. அதனால் பெரியவர் ஒருவர் கைக்கெட்டும் தூரத்தில், போனைப் பாக்கெட்டில் வைத்துவிட்டு உட்கார வேண்டும். உச்சி வெயில் நேரத்தைத் தவிர்த்து, காலையோ மாலையோ விளையாட விடுங்கள்.

முடிந்ததும் மீதித் தண்ணீரைச் செடிகளுக்கு ஊற்றி, வாளியைக் கவிழ்த்து வையுங்கள். டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் கொசு தேங்கிய நல்ல தண்ணீரில்தான் முட்டையிடும். வாளியை ஏன் கவிழ்க்கிறோம் என்பதையும் குழந்தையிடம் சொல்லுங்கள், அதுவும் அறிவியல்தான்.