கம்ப்யூட்டருக்கும் கரையான் உண்டு!

தேவதானத்தில் எங்கள் வீட்டுப் பரணில் தாத்தாவின் டிரங்குப் பெட்டி ஒன்று உண்டு. போன பொங்கலுக்கு லீவு போட்டுவிட்டு ஊருக்குப் போனபோது, பெரியப்பா அதை இறக்கச் சொன்னார். திறந்தால்... புத்தகமா அது? மண்! கரையான் ராஜாங்கம். தாத்தா தினமும் திண்ணையில் உட்கார்ந்து படிக்கும் நளவெண்பாவில் அட்டை மட்டும்தான் மிச்சம். பெரியப்பா வாயே திறக்கவில்லை.

எனக்கோ பட்டணத்து மிதப்பு. "இவ்வளவுதானே பெரியப்பா, இருங்க" என்று செல்போனை எடுத்தேன். 'மதுரைத் திட்டம்' டிஜிட்டல் நூலகத்தில் நளவெண்பா முழுசாக இருந்தது!

மதுரை என்றதும் மாசி வீதியில் போய்த் தேடாதீர்கள். சுவிட்சர்லாந்தில் இருந்த கல்யாணசுந்தரம் என்ற ரசாயன விஞ்ஞானி 1998 பொங்கலன்று ஆரம்பித்தது அது. பல நாட்டுத் தமிழர்கள் பைசா வாங்காமல் பழைய நூல்களை டைப் அடித்தார்கள், பிழை திருத்தினார்கள்.

நம்ம ஊர் லைப்ரரியில் ஒருத்தர் புத்தகத்தை எடுத்துப் போனால் அடுத்தவருக்குக் கிடையாது. (துப்பறியும் நாவல் என்றால் கடைசிப் பக்கம் யாருக்குமே கிடையாது!) டிஜிட்டல் நூலகத்தில் ஒரே நூலை ஒரே சமயத்தில் ஆயிரம் பேர் படிக்கலாம். டைப் அடித்த நூலானால், ஒரு சொல்லைக் கொடுத்தால் போதும், அது வருகிற வரியிலேயே கொண்டுபோய் நிறுத்தும். மின்விசிறிக்கு அடியில் பேப்பரை விரித்துத் தூங்கும் சுகம்தான் அங்கே இல்லை.

எல்லாவற்றையும் ஒரே இடத்தில் வைத்தால் என்ன ஆகும் என்பதற்கு யாழ்ப்பாணம் சாட்சி. 1981-ல் அங்கே பொது நூலகத்தைக் கொளுத்தினார்கள். சுமார் 97 ஆயிரம் நூல்களும் ஏடுகளும் சாம்பல். கட்டடத்தைத் திரும்பக் கட்டிவிட்டார்கள். வேறு பிரதியே இல்லாத ஏட்டை எங்கே போய் வாங்குவது? 2005-ல் ஈழத் தமிழர்கள் சிலர் 'நூலகம்' என்றே பெயர் வைத்து டிஜிட்டல் நூலகம் தொடங்கினார்கள். பழைய பத்திரிகை, விழா மலர் என்று கிடைத்ததையெல்லாம் ஸ்கேன் பண்ணிச் சேர்த்தார்கள்.

அதற்காக கம்ப்யூட்டரில் ஏற்றிவிட்டால் சாகாவரம் என்று நினைக்காதீர்கள். மதுரைத் திட்டத்தின் ஆரம்ப கால நூல்கள் அந்தக் கால ஃபான்ட்டுகளில் இருந்தன. அந்த ஃபான்ட் இல்லாத கம்ப்யூட்டரில் திறந்தால் தமிழ் பூச்சி பூச்சியாகத் தெரியும்! பிறகு யூனிகோடுக்கு மாற்றித்தான் பிழைக்க வைத்தார்கள்.

இத்தனையும் பெரியப்பாவுக்கு விளக்கிவிட்டு, பெருமையாகச் செல்போனை நீட்டினேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பத்து நிமிஷம் விரலால் தள்ளித் தள்ளிப் பார்த்தார்.

"பாட்டெல்லாம் சரியா இருக்குப்பா. ஓரத்துல அப்பா பென்சில்ல எழுதி வச்சிருந்தாரே... அது எங்க?"

என்ன சொல்வது? பேசாமல் பெட்டியைக் கிளறினேன். அடியில் மூன்று புத்தகங்கள் அட்டை மட்டும் அரிபட்டுத் தப்பித்திருந்தன. ஓரமெல்லாம் தாத்தாவின் பொடி எழுத்து. ஜன்னல் வெளிச்சத்தில் வைத்து, பெரியப்பா பக்கத்தை அமுக்கிப் பிடிக்க, நான் செல்போனில் ஒவ்வொன்றாகப் படம் எடுத்தேன். இருட்டுவதற்குள் 62 பக்கம் முடிந்தது. மறுநாள் காலை ராஜபாளையம் பஸ்ஸை விட்டுவிட்டேன். ஆபீஸுக்கு இன்னும் இரண்டு நாள் லீவு சொல்லியாயிற்று.