பசியும் பாடமும்

1944 நவம்பரில் அமெரிக்காவின் மினசோட்டா பல்கலைக்கழகத்தில் ஓர் ஆய்வு தொடங்கியது. ஆயுதம் ஏந்த மனசாட்சி இடம் தராத 36 இளைஞர்கள் அதற்காகப் பட்டினி கிடக்க முன்வந்தார்கள். போரில் பசியால் நலிந்த மக்களை எப்படித் தேற்றுவது என்று அறிய விரும்பிய ஆய்வாளர் ஆன்செல் கீஸ், 24 வாரங்களுக்கு அவர்களுடைய சாப்பாட்டைக் கிட்டத்தட்டப் பாதியாகக் குறைத்தார். எடை ஏறத்தாழ கால் பங்கு குறைந்தது; இதயத்துடிப்பு மந்தமானது. உடம்பில் இதெல்லாம் எதிர்பார்த்ததுதான். மனதில் நடந்ததுதான் பெரிய வியப்பு. சமையலை ஏறெடுத்தும் பார்க்காதவர்கள் சமையல் புத்தகங்களில் மூழ்கினார்கள். குறிப்புகளை எழுதிச் சேர்த்தார்கள். கிடைத்த கொஞ்சச் சாப்பாட்டையும் நெடுநேரம் இழுத்து இழுத்துச் சாப்பிட்டார்கள்.

உணவின் மேல் வரும் தீராத ஆர்வம் சில சமயம் பசியின் அறிகுறி என்பதை அந்த ஆய்வு காட்டிவிட்டது.

ஊட்டச்சத்தியல் மாணவர்களைப் பற்றிப் பேசும்போது இதை மறக்கக் கூடாது. பிற துறை மாணவர்களைவிட இவர்கள் உணவில் அதிகக் கட்டுப்பாடு காட்டுவதாகச் சில ஆய்வுகள் சொல்கின்றன. படிப்புதான் உணவுக் கோளாறு என்ற நோயைத் தருகிறதா? பதினைந்து வயதிலேயே டயட்டில் இறங்கி, சோற்றைக் கண்டால் கலோரியாகவே பார்க்கப் பழகிய ஒரு பெண், கல்லூரியில் இந்தப் பாடத்தைத் தேர்ந்தெடுப்பது இயல்பு. அங்கே உணவை எடைபோடுவதும், தன் உடல் நிறை குறியீட்டைக் கணக்கிடுவதும் வகுப்புப் பயிற்சி. அவளுடைய பயத்துக்கு அறிவியலின் ஒப்புதல் கிடைத்துவிடுகிறது; உடன் இருப்பவர்களோ ஒழுக்கம் என்று பாராட்டுகிறார்கள்.

ஆனால் ஜெர்மனியில் நடந்து 2010இல் வெளியான ஓர் ஆய்வு நம்பிக்கை தருகிறது. 'சுத்தமான' உணவை மட்டுமே உண்ண வேண்டும் என்ற பிடிவாதம், முதலாண்டு ஊட்டச்சத்தியல் மாணவர்களைவிட மேல்வகுப்பு மாணவர்களிடம் குறைவாகவே இருந்தது. ஆழப் படிப்பது சிலருக்கு மருந்தாகவும் இருக்கலாம் என்றே எனக்குப் படுகிறது.

உணவுக் கோளாறின் அறிகுறிகளைக் கண்டுகொள்ள 1982இல் வந்த 26 கேள்விகள் கொண்ட படிவம் உலகெங்கும் பயன்படுகிறது. மதிப்பெண் 20 அல்லது அதற்கு மேல் வந்தால் மருத்துவரைப் பார்க்க வேண்டும். அதை வைத்து மட்டும் நோய் என்று முடிவுகட்ட முடியாது. மனநோய்களில் அதிக உயிரிழப்பு ஏற்படுத்துபவற்றில், எடை கூடிவிடுமோ என்று அஞ்சிச் சாப்பாட்டைக் குறைக்கும் அனரெக்சியா என்ற உணவுக் கோளாறும் ஒன்று. ஆகவே ஆசிரியர்களே, வகுப்பில் எல்லார் முன்னும் மாணவர்களின் எடையைப் பார்க்காதீர்கள். மாதவிடாய் நின்ற, அடிக்கடி தலைசுற்றும், பிறரோடு உட்கார்ந்து சாப்பிட அஞ்சும் மாணவியைத் தனியே அழைத்துப் பேசுங்கள், சிகிச்சைக்கு அனுப்புங்கள்.