அரசன் நெருப்பில் எறிந்த கல்

ஆடு தன் உடம்பை நக்கும்போது உதிரும் மயிரும் வயிற்றுக்குள் போகிறது. செரிக்காத மயிரோ நாரோ விதையோ இரைப்பையில் தங்கிவிட்டால், அதன்மேல் சுண்ணாம்பு உப்புகள் படலம் படலமாகப் படிந்து, நாளடைவில் முட்டை போன்ற வழவழப்பான கல்லாகிவிடும். குறுக்கே அறுத்தால் வெங்காயம் போல அடுக்கடுக்காக இருக்கும். இதுதான் பெசோவார். நஞ்சுமுறி என்று பொருள்படும் பாரசீகச் சொல் திரிந்து வந்த பெயர். (நம் நாட்டு மருந்துக் கடைக் கோரோசனை வேறு, அது மாட்டின் பித்தப்பையில் விளையும் கல்.)

இந்தக் கல்லைக் கிண்ணத்தில் போட்டுக் குடித்தால் எந்த விஷமும் ஏறாது என்று ஐரோப்பிய அரசர்கள் நம்பினார்கள். விலை எகிறியது, போலிகளும் பெருகின. லண்டனில் ஒருவர் 100 பவுன் கொடுத்து வாங்கிய கல் போலி என்று தெரிந்து வழக்குப் போட்டார். விற்ற பொற்கொல்லர் அது பெசோவார் என்று சொன்னாரே ஒழிய உத்தரவாதம் தரவில்லை என்று 1603இல் தீர்ப்பாகி, வாங்கியவர் தோற்றுப்போனார். கோவாவிலிருந்த ஏசு சபையினரோ பெசோவார் தூளோடு சிப்பியும் கஸ்தூரியும் ரத்தினப் பொடியும் பிசைந்து, கல்லையே உருட்டி விற்றார்கள்!

பிரெஞ்சு அரசன் ஒன்பதாம் சார்லஸிடமும் ஒரு கல் இருந்தது. அவனுடைய அறுவை மருத்துவர் அம்புருவாஸ் பாரே அதை நம்பவில்லை. ஒவ்வொரு விஷமும் ஒவ்வொரு விதமாக வேலை செய்யும்போது எல்லாவற்றையும் ஒரே கல் எப்படி முறிக்கும் என்று கேட்டார். நியாயமான கேள்விதான், சோதித்த விதம்தான் கொடுமை. வெள்ளித் தட்டு திருடித் தூக்குக்குக் காத்திருந்த சமையல்காரன் ஒருவன், பிழைத்தால் விடுதலை என்ற பேச்சின்பேரில் விஷம் குடிக்கச் சம்மதித்தான். கொடுத்தது, சித்த வைத்தியர்கள் வீரம் என்று சொல்லும் பாதரச உப்பு. கல்லையும் கொடுத்தார்கள். வாயிலும் மூக்கிலும் ரத்தம் ஒழுக, நாலுகாலில் தவழ்ந்து, சில மணி நேரத்தில் செத்துப்போனான். அரசன் கல்லை நெருப்பில் போடச் சொன்னான்.

மனித வயிற்றிலும் இப்படி உருண்டைகள் சேர்வதுண்டு. துவர்ப்பு மிகுந்த பெர்சிமன் பழத்தை அளவுக்கு மீறித் தின்பவர்களுக்கு வரும் கட்டியை கோக்க-கோலா கொடுத்தே மருத்துவர்கள் பலமுறை கரைத்திருக்கிறார்கள். ஆனால் தன் தலைமுடியைப் பிய்த்துத் தின்னும் பழக்கமுள்ள குழந்தையின் வயிற்றில் சேரும் முடி உருண்டை எந்தப் பானத்துக்கும் கரையாது. பெரிதாகிவிட்டால் வயிற்றைத் திறந்துதான் எடுக்க வேண்டும்.